திங்கட்கிழமைப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம்

கொழும்புக் கொச்சிக்கடைக்கு வாரம் பிறப்பது செவ்வாய்க்கிழமையில். புனித அந்தோனியார் திருத்தலத்து நவநாளுக்குக் கத்தோலிக்கர் மட்டுமா வருகிறார்கள்? நெற்றி நிறைய விபூதியோடு வருபவர்கள், வெள்ளை உடுத்த சிங்களப் பாட்டிமார், முக்காடிட்ட தாய்மார் என்று எல்லோரும் கையில் மெழுகுதிரியோடுதான் உள்ளே போவார்கள். அதனால் சுற்றியுள்ள சிறுகடைகளில் திங்கள் பின்னேரமே வேலை சூடுபிடித்துவிடும். பெட்டி உடைப்பதும், திரி எண்ணுவதும், பத்துப் பத்தாக நூல் கட்டுவதுமாகக் கடைக்காரர்கள் வாசலிலேயே குந்திவிடுவார்கள்.

அப்படியொரு பின்னேரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு தாய் தன் பதினேழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு கடை வாசலில் நின்றார். பையனுக்கு ஓட்டிசம். பேச்சு குறைவு. விசேட கல்வி அலகில் படித்து, வயது போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். "அக்கா, இவனுக்கு ஏதும் சின்ன வேல இருக்குமா? கிழமைக்கு ஒருநாள் எண்டாலும் பரவாயில்ல" என்று கேட்டார். கடைக்கார அம்மாவின் முகம் இளகிவிட்டது. "ஐயோ பாவம், இந்தப் பிள்ளை என்ன வேல செய்யும்?" என்றவர், ஒரு கட்டு மெழுகுதிரியை எடுத்து அவன் கையில் வைத்தார். காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

கெட்ட மனுஷி அல்ல. அந்த இடத்தில் நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் வேலை கேட்டு வந்தவனுக்குப் பிச்சை கிடைத்தது. பெயர்களை நாம் மரியாதையாக்கிக்கொண்டு வருகிறோம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி என்கிறார்கள், இங்கே விசேட தேவையுடையோர் என்கிறோம். பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. இந்தப் பிள்ளை என்ன வேலை செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எந்தப் பிள்ளையை வைத்துக் கேட்டாலும் கிடையாது. நல்ல தேக சுகத்தோடு இருக்கும் பதினேழு வயதுப் பையனைக் கடை முதலாளி முன் நிறுத்தி இதையே கேட்டால், அவனுந்தான் முழிப்பான். கேட்க வேண்டியது கடையைப் பற்றி: இங்கே என்னென்ன சில்லறை வேலைகள் செய்ய ஆளில்லாமல் கிடக்கின்றன? எந்த வேலை யாருடைய நேரத்தைத் தின்கிறது?

மெழுகுதிரிக் கடையையே எடுத்துக்கொள்வோம். பெட்டியைத் திறப்பது ஒரு வேலை. உடைந்த திரியை ஒதுக்குவது ஒரு வேலை. பத்து எண்ணுவது, நூல் சுற்றுவது, தட்டில் அடுக்குவது, வெறும் பெட்டியை மடித்துக் கட்டுவது எல்லாம் தனித்தனி வேலைகள். விலை பேசுவது, மீதிக்காசு கொடுப்பது, கடன் கேட்பவரைச் சமாளிப்பது வேறு சாதி வேலைகள். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வதால் அது ஒரே வேலைபோலத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால், அதில் மூன்று நான்கு துண்டுகள் பேச்சே தேவைப்படாதவை.

இப்படிப் பிரிப்பது மேல்நாட்டுப் புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். புறக்கோட்டை இப்படித்தான் வளர்ந்தது. மூட்டை தூக்கும் நாட்டாமி கணக்கு எழுதுவதில்லை. கணக்கப்பிள்ளை மூட்டையைத் தொடுவதில்லை. தரகர் இரண்டையும் செய்யாமல் வாயால் மட்டும் பிழைக்கிறார். நாட்டாமியைப் பார்த்து "உனக்குக் கணக்கு எழுதத் தெரியாதே, நீ என்ன வேலை செய்வாய்?" என்று நாலாம் குறுக்குத் தெருவில் எவரும் கேட்டதில்லை.

இதைக் கல்வியாக ஆக்கிக் காட்டியவர் மார்க் கோல்ட் என்ற அமெரிக்கர். 1970களில் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சைக்கிள் பிரேக் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். பதினைந்து வரையான உதிரிப்பாகங்கள் கொண்ட பிரேக் அது. அவருடைய முறையில் பேச்சு மிகக் குறைவு. வேலையைச் சின்னச் சின்ன அடிகளாக உடைத்து, கையால் காட்டி, பிழைத்தால் அந்த அடியை இன்னும் சின்னதாக உடைத்தார். படிக்கிறவனுக்கு வரவில்லை என்றால் சொல்லிக்கொடுக்கிறவன் வேறு வழி பார்க்க வேண்டும் என்பதே அவருடைய கட்சி. நம் வகுப்பறைகளில் இன்றைக்கும் பொறுப்பு மற்றப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

வேலையை உடைத்தால் போதாது, பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஓட்டிசம் என்றதும் கணக்கில் புலி, கணினியில் மேதை என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. 1988இல் வந்த 'ரெயின் மேன்' படத்தின் புண்ணியம். பெரும்பாலான பிள்ளைகள் மேதைகளும் அல்ல, ஒன்றுக்கும் உதவாதவர்களும் அல்ல. நான் சொன்ன பையனுக்குச் சத்தம் ஆகாது. ஒலிபெருக்கியும் மணியும் நெரிசலும் உள்ள செவ்வாய்க்கிழமையில் அவனை அந்தக் கடையில் நிறுத்தினால் அரை மணித்தியாலத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். பார்த்தவர்கள் "சொன்னோமே, இவனால் ஏலாது" என்பார்கள். திங்கள் பின்னேரம் அதே கடையில் அவன் வேறு ஆள். இதே தெருவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்பிள்ளையையும் எனக்குத் தெரியும். ஆட்களைக் கண்டால் அவளுக்குக் கொண்டாட்டம், வருபவர் போபவருக்கெல்லாம் வணக்கம் சொல்வாள். அவளைத் திங்கட்கிழமை மூலையில் உட்கார்த்தி எண்ணச் சொன்னால் சலித்துவிடுவாள். அவளுக்கு ஏற்றது செவ்வாய். கடை ஒன்று, வேலை இரண்டு, நாள் இரண்டு.

கொழும்பில் இப்படிப்பட்ட துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. பழைய சோனகத் தெரு இரும்புக்கடைகளில் ஆணியும் திருகாணியும் அளவு கலந்து பெட்டி பெட்டியாகக் கிடக்கும். வெள்ளவத்தைச் சேலைக்கடைகளில் ஒரு வாடிக்கையாளர் எழுந்து போனதும் இருபது சேலையாவது மடிக்க வேண்டியிருக்கும். கொட்டாஞ்சேனை அச்சகங்களில் கல்யாண அழைப்பிதழை உறைக்குள் போடும் வேலை முகூர்த்த மாதங்களில் குவியும். மருந்துக்கடைத் தட்டுகளில் காலாவதித் திகதி பார்த்து முன்னுக்குப் பின் அடுக்கும் வேலை இருக்கிறது. அதை எந்த ஊழியரும் விரும்பிச் செய்வதாகத் தெரியவில்லை. கோயில்களில் விபூதிப் பொட்டலம். இவை எதுவும் எட்டு மணித்தியால வேலை அல்ல, இரண்டு மணித்தியால வேலைகள். முழுநேர ஆளை வைக்க வசதியில்லாத சிறு முதலாளிக்கு இரண்டு மணித்தியால ஆள் இலாபம். முழுநாள் தாங்காத பிள்ளைக்கும் அதுதான் அளவு.

பகுதிநேர வேலை என்ற சொல்லையே நம்மவர்கள் பலர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். வெள்ளவத்தையில் பதினேழு வயதுப் பிள்ளை என்றால் ரியூஷனிலிருந்து ரியூஷனுக்கு ஓட வேண்டும், கடையில் நிற்பது கௌரவக் குறைவு. சாதாரண தரப் பரீட்சைக்குப் போக முடியாத பிள்ளைக்கு ரியூஷனும் இல்லை, கடையும் இல்லை. காலை எழும்பி, தேநீர் குடித்து, தொலைபேசியைப் பார்த்து, மீண்டும் படுப்பதோடு நாள் முடிகிறது. "வளரட்டும், பிறகு பார்ப்பம்" என்று காத்திருக்கும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நேரத்துக்குப் போவது, விளங்காவிட்டால் கேட்பது, "இல்லை" என்ற சொல்லைத் தாங்குவது, சம்பளக்காசை எண்ணுவது, இவை வகுப்பறையில் வருவதில்லை. வேலையில் நின்றால்தான் வரும். பதினேழில் தொடங்காதவை இருபத்தேழில் இன்னும் கடினமாகும்.

உலகறிந்த விலங்கு அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினுக்கு ஓட்டிசம். சிறுவயதில் பேச்சு வரவே தாமதமானவர். பதின்மூன்று வயதில் அவருடைய தாய் அவரை அயலில் இருந்த தையற்காரப் பெண்ணிடம் விளிம்பு தைக்க அனுப்பினார். பதினைந்தில் குதிரை லாயம் கூட்டினார். விசேட தேவையுள்ள பிள்ளைகள் சீக்கிரமே சின்ன வேலைகளில் பழக வேண்டும் என்று இன்றைக்கும் மேடை மேடையாகச் சொல்லி வருகிறார். அந்தத் தாய் விண்ணப்பப் படிவமோ நேர்முகப் பரீட்சையோ தேடவில்லை, தெரிந்த ஒருத்தியிடம் போய்க் கேட்டார். கொச்சிக்கடையில் அந்த வழி எப்போதும் திறந்துதான் இருக்கிறது. ஒரு முகம் தெரியாத பெருநிறுவனத்தை விட, மூன்று தலைமுறையாகக் குடும்பத்தைத் தெரிந்த கடைக்காரரிடம் கேட்பது எளிது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆபத்து என்னவென்று சொல்கிறேன். மலையகத்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் விட்ட வரலாறு நமக்கு இருக்கிறது. "சாப்பாடு போடுறம், உடுப்பு எடுத்துக் குடுக்கிறம், வீட்டுப் பிள்ளை மாதிரி" என்ற வசனத்தில் எத்தனை சம்பளம் காணாமற் போயிற்று! அதே வசனம் இப்போது விசேட தேவையுள்ள பிள்ளைகளின் காதில் விழுகிறது. "சும்மா வந்து இருக்கட்டும், பொழுது போகும். வேலை பழகட்டும், சம்பளம் பிறகு பார்ப்பம்." எழுதப்பட்ட காலக்கெடு இல்லாத பயிற்சிக்குப் பெயர் ஓசி வேலை. பெற்றோரும் இதற்கு உடந்தை. ஒருவர் என்னிடம், "காசு வேண்டாம், ஏற்றுக்கொண்டாலே போதும்" என்றார். அந்தத் தகப்பனின் களைப்பு விளங்குகிறது. ஆனால் சம்பளம் இல்லாத இடத்தில் முதலாளிக்கு எதிர்பார்ப்பும் இராது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் பிள்ளை எதையும் பழகுவதுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது, இரவு வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. திங்கள் பின்னேரம் நான்கிலிருந்து ஆறு வரை மெழுகுதிரி கட்டுவதில் பிரச்சினை இல்லை. சம்பளத்துக்கு வந்தால்தான் ஓட்டை தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் நாளுக்கு 400 ரூபா என்று தொடங்கியது. திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து, 2025 ஏப்ரலில் 1,080, 2026 ஜனவரியில் 1,200 என்று ஏறியிருக்கிறது. மாதத்துக்கும் நாளுக்கும் தொகை சொல்லும் சட்டம் மணித்தியாலத்தைப் பற்றிப் பேசவில்லை. பகுதிநேரக்காரர் அந்த மௌனத்துக்குள் விழுந்துவிடுகிறார்.

நாமே வகுத்துப் பார்க்கலாம். எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 என்றால் மணித்தியாலத்துக்கு 150. இரண்டு மணித்தியாலத்துக்கு 300. மாதத்தில் நான்கு திங்கள் வந்தால் 1,200 ரூபா, அதாவது சரியாக ஒரு நாட்கூலி. எந்தச் சிறுகடையையும் அது கவிழ்த்துவிடாது. சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்றதும் சிலர் பின்வாங்குவார்கள். அதுவும் மாதம் 180 ரூபாதான்.

பெற்றோரின் பயம் இன்னொன்று. குறைந்த வருமானக் குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதாந்தக் கொடுப்பனவு தருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500இலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. பிள்ளை வேலைக்குப் போகிறான் என்று யாராவது எழுதிப் போட்டால் அது நின்றுவிடுமோ? மாதம் ஆயிரத்துச் சொச்சத்துக்காகப் பத்தாயிரத்தை எந்தத் தாய் பணயம் வைப்பாள்? இவ்வளவு வரை உழைத்தால் கொடுப்பனவில் கை வைக்கமாட்டோம் என்று தெளிவான ஒரு தொகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிரதேச செயலகச் சுவரில் அரசு ஒட்டட்டும். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், அந்த ஒரு தாள் போதும். கருத்தரங்குகளைவிட அதற்கு வேலை அதிகம்.

நாடு சட்டத்தில் ஏழையல்ல. 1988இல் வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் கூடாது என்றது. 2016இல் ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தினோம். 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு குறைபாட்டுடன் வாழ்வதாகப் பதிவாகியது. ஆனால் அந்த 3 வீதமும் பதவிக்குரிய கல்வித் தகைமை இருப்பவருக்குத்தான். சக்கர நாற்காலியில் வரும் பட்டதாரிக்கு அந்தக் கதவு கொஞ்சமாவது திறக்கிறது. சாதாரண தரம் எழுதாத ஓட்டிசப் பையனுக்கு அது கதவே அல்ல.

அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவை போன்ற இடங்களில் இருக்கின்றன. கொழும்புத் தமிழ்ப் பெற்றோரிடம் கேட்டால் முதலில் வரும் வார்த்தை 'மொழி'. தமிழிலேயே தட்டுத் தடுமாறும் பிள்ளையைச் சிங்களத்தில் பயிற்சிக்கு விடுவது எப்படி என்கிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அங்கே பழகியதை இங்கே கொண்டுவர இந்தப் பிள்ளைகள் பலருக்கு ஏலாது. சீதுவை மேசையில் மடித்த கடுதாசிப் பை கொச்சிக்கடை மேசையில் மறந்துபோகும். அதனால்தான் முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசையைப் பல நாடுகளில் தலைகீழாக்கிவிட்டார்கள். முதலில் வேலையிடம், அங்கேயே பயிற்சி. 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் எரின் ரீல் என்ற தாதி தொடங்கிய 'புரொஜெக்ட் சேர்ச்' இப்படித்தான் வளர்ந்தது. மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய அடுக்கல், நிரப்பல் வேலைகளுக்கு ஆட்கள் நிலைக்காததைக் கண்டு, அந்த வேலைகளுக்கே அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களைப் பழக்கினார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? நமக்கு எதிரே கடலைத் தாண்டினால் தூத்துக்குடி. கொச்சிக்கடைப் பரதகுலக் குடும்பங்களுக்கு அது மூதாதையர் ஊர். அங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நடத்தும் 'கஃபே ஏபிள்' உணவகம் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் இப்படியான தனி உணவகங்களில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. பார்க்கப் போகிறவர்கள் தேநீரோடு கொஞ்சம் புண்ணியத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நூறு கடைகளில் ஆளுக்கு ஒரு பிள்ளை என்றால் யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலையைவிடப் பெரிய வேலை போய்வருவது. ஆமர் வீதிச் சந்தியைக் கடப்பது நம் எல்லோருக்குமே சோதனை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு திருத்தலத்தை அண்டிய பகுதியில் பை சோதிப்பதும் கேள்வி கேட்பதும் பழகிப்போயின. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கண்ணைப் பார்க்காமல், கையை உதறிக்கொண்டு நடக்கும் பதினேழு வயதுத் தமிழ்ப் பையனைச் சீருடைக்காரர் எப்படிப் பார்ப்பார்? 2020 ஊரடங்கு நாள்களில் ஓட்டிச நிலையுள்ள சிறுவன் ஒருவனைப் பொலிஸார் தாக்கியதாக எழுந்த முறைப்பாடு இந்தத் தாய்மாருக்கு மறக்கவில்லை. கழுத்தில் மும்மொழி அட்டை ஒன்று, நடந்து போகும் தூரத்தில் கடை, காவலில் நிற்பவரிடம் முன்கூட்டியே முகம் காட்டி வைப்பது என்று வீட்டார் தாங்களே வழி கண்டுபிடிக்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் பயம் இரட்டிப்பு. அதை மூடி மறைத்துப் பயனில்லை. இன்னொரு பெண் நிற்கும் கடை, பின்னறைச் சாமானுக்குத் தனியே அனுப்பாமை, கழிவறை எங்கே என்ற கேள்வி, இவற்றை முதல்நாளே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்கும் முதலாளியிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கடைசியில் ஆள்தான் குறைகிறது. முதல் நான்கு திங்கள் அந்தப் பையனின் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டி, மெல்ல மெல்ல விலகிப் போக ஒருவர் வேண்டும். தாய் நிற்கக் கூடாது. தாய் நின்றால் அவரே கட்டி முடித்துவிடுவார். பங்குகளில் வின்சென்ட் டி போல் சபைகள் இருக்கின்றன, கோயில்களில் இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன, நன்கொடையாளர் படத்தோடு சக்கர நாற்காலி வழங்கும் கழகங்கள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. நான்கு திங்கள், எட்டு மணித்தியாலம் நிற்க ஒருவரைத் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். உலர் உணவுப் பொதி தருகிறோம் என்றார்கள்.

அந்தப் பையனோடு நின்றது அவனுடைய மச்சாள் முறையான ஒரு பெண், உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவள். அன்றைக்கு இனாமாகக் கிடைத்த கட்டை அவன் கடைவாசலிலேயே அவிழ்த்து, திரிமுனையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க மேசையில் அடுக்கினானாம். அதைக் கண்டுதான் கடைக்கார அம்மா, "சரி, வாற திங்கள் அனுப்புங்க, பாப்பம்" என்றிருக்கிறார். முதல் திங்கள் இருபது நிமிடம் இருந்தான். மூன்றாவது திங்கள் ஒன்றரை மணித்தியாலம். பத்துக் குழி வைத்த ஒரு பலகையை மச்சாள் செய்து கொடுத்தாள், குழி நிறைந்தால் நூல் கட்ட வேண்டும். கூலி 300 ரூபா என்று ஆறாவது திங்களில்தான் பேசி முடிந்தது. அதற்கு முந்தியவற்றுக்குக் கேட்கத் தாய்க்கு வாய் வரவில்லை. இப்போது ஒரு தகராறு. பெட்டி முடியும்போது ஏழோ எட்டோ திரி மிஞ்சினால் அவன் கட்டமாட்டான். முந்தி இருந்தவர்கள் ஒன்பதையும் பத்தென்று கட்டிவிடுவார்களாம். மிஞ்சியவற்றை அவன் பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, அடுத்த பெட்டியை உடைக்கும்படி கடைக்கார அம்மாவின் முந்தானையை இழுக்கிறான். "மற்றப் பெட்டியை நாளைக்குத்தானே உடைப்பம், என்ன செய்யிறது இவனோட?" என்று போன கிழமை அவர் என்னிடம் முறையிட்டார்.